இயக்கத்தைத் தராசில் நிறுத்தவர்

சரக்கைக் கண்ணால் பார்த்து எடை சொல்பவனை எந்தச் சந்தையும் நம்புவதில்லை. தட்டில் வைத்து நிறுத்துக் காட்டு என்றே கேட்கும். ஆனால் பொருள்கள் எப்படி விழுகின்றன, எப்படி ஓடுகின்றன என்ற விஷயத்தில் மட்டும் உலகம் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் நிறுத்துப் பாராமலே கணக்கை ஒப்புக்கொண்டிருந்தது. பத்து மடங்கு கனமான கல் பத்து மடங்கு விரைவாக விழும் என்பது கிரேக்க ஞானி அரிஸ்டாட்டிலின் கொள்கை. அங்கொருவர் இங்கொருவர் ஐயம் எழுப்பியும், ஐரோப்பியக் கலாசாலைகளில் அதுவே பாடமாக இருந்து வந்தது. அதைச் சோதித்துத் தள்ளியவர் இத்தாலிய அறிஞர் கலிலியோ கலிலி. நம் பிள்ளைகள் பள்ளியில் விசை, வேகம் என்ற பாடங்களைத் தொடங்கும்போது சந்திக்கும் இப்பெயருக்குரியவரின் வாழ்க்கையை இங்கே சுருக்கமாகக் கூறுகிறோம்.

1564-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் பீஸா நகரில் அவர் பிறந்தார். பீஸா பழைய வியாபாரப் பட்டணம். அவ்வூர் லியோனார்டோ என்பவர்தாம், வட ஆப்பிரிக்காவின் பூஜியா துறைமுகத்தில், இந்தியாவில் பிறந்து அரபுகளிடையே வழங்கிய எண்முறையைக் கற்று, 1202-இல் ஐரோப்பியருக்காகக் கணக்கு நூல் எழுதியவர். கலிலியோவின் தந்தை வின்ஸென்ஸோ இசைவாணர். கம்பளித் துணி வியாபாரத்திலும் ஈடுபட்டவர். மகன் வைத்தியனானால் குடும்பம் தழைக்கும் என்று எண்ணி 1581-இல் அவரைப் பீஸா கலாசாலையில் சேர்த்தார். மகனுக்கோ வைத்தியத்தில் மனம் ஒட்டவில்லை. கணிதத்தில் மூழ்கி, 1585-இல் பட்டம் பெறாமலே வீடு திரும்பினார்.

மறு ஆண்டு, இருபத்திரண்டு வயதில், அவர் எழுதிய சிறு நூல் ஒரு தராசைப் பற்றியது. பொன்னில் வெள்ளி கலந்திருக்கிறதா என்பதைக் காற்றில் ஒரு முறையும் நீரில் ஒரு முறையும் நிறுத்து அறியும் தராசு அது. அதன் கோலில் மெல்லிய கம்பியை நெருக்கமாகச் சுற்றி, சுற்றுகளின் எண்ணிக்கையால் தூரத்தை அளந்தார். கண்ணுக்கு எட்டாத அந்தச் சுற்றுகளின்மீது கூரிய முனையை ஓட்டி, காதாலும் கைவிரலாலும் எண்ணச் சொல்கிறார்! இக்கலையில் நம் முன்னோர் பின்தங்கியவர்கள் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். மர்வ் நகரத்து அல் காஸினி 1121-லேயே நீரில் நிறுக்கும் தராசைப் பற்றிப் பெருநூல் எழுதியிருந்தார்.

1589-இல் பீஸாவில் கணித ஆசிரியர் பதவி கிடைத்தது. சம்பளம் ஆண்டுக்கு 60 பொற்காசுகள் மட்டுமே. தந்தை 1591-இல் காலமானதும் குடும்பப் பொறுப்பு முழுவதும் மூத்த மகன் தலையில் விழுந்தது. சகோதரிகளின் சீதனக் கடன் பல்லாண்டுகள் துரத்தியது. அதில் பங்கு தருவதாக ஒப்பிய தம்பியோ தம் பங்கைக் கட்டவில்லை. இது எந்த ஊரிலும் நடக்கும் கதைதான். 1592-இல் பாதுவா நகருக்குப் போனபின் சம்பளம் உயர்ந்தும் போதவில்லை. வீட்டிலேயே மாணவர்களைத் தங்கவைத்துப் பாடம் சொன்னார். கைவினைஞர் ஒருவரை வைத்துக் கணக்குக் கருவி செய்து விற்றார். பீரங்கி வீரனுக்கு மட்டுமன்றி, நாணய மாற்று, வட்டிக்கு வட்டி ஆகிய கணக்குகளுக்கும் பயன்பட்ட கருவி அது.

இந்தப் பாதுவா நாட்களில்தான் அவருடைய தலையாய வேலை நடந்தது. சாய்ந்த கோபுரத்திலிருந்து குண்டுகளைப் போட்டார் என்ற கதை நம்மில் பலருக்குத் தெரியும். அவருடைய கடைசிக் காலச் சீடர் விவியானி எழுதியது அது. கலிலியோ தம் நூல்களில் அப்படிச் சொல்லவில்லை. அவர் செய்தது வேறு. நேராக விழும் பொருள் மிக விரைவாக விழுவதால், அன்றைய கடிகாரங்களைக் கொண்டு அதை அளக்க இயலாது. ஆகவே விழுதலை மெதுவாக்கினார். பன்னிரண்டு முழம் நீள மரச்சட்டத்தில் விரலகலப் பள்ளம் வெட்டி, தோல்தாள் ஒட்டி, சட்டத்தைச் சற்றே சாய்த்து வைத்து, வழவழப்பான வெண்கலக் குண்டை உருட்டினார்.

காலத்தை அளந்தது எப்படி? பெரிய பாத்திரத்தில் நீர் நிரப்பி, அடியிலுள்ள நுண்ணிய குழாய் வழியாக அதை ஒழுகவிட்டார். குண்டு ஓடும் நேரத்தில் கிண்ணத்தில் சேர்ந்த நீரைத் தராசில் நிறுத்தார். நீரின் எடையே நேரத்தின் அளவு. நூறு முறை செய்து பார்த்தும் கணக்குப் பிசகவில்லை என்று எழுதுகிறார்.

கிடைத்த விடை எளியது. முதல் கணத்தில் குண்டு ஒரு பங்கு தூரம் ஓடினால், அதே அளவான இரண்டாம் கணத்தில் 3 பங்கும், மூன்றாவதில் 5 பங்கும், நான்காவதில் 7 பங்கும் ஓடும். கூட்டிப் பார்த்தால் மொத்தம் 1, 4, 9, 16. அதாவது நேரம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்கு. வேகம் ஒரே சீராக ஏறிக்கொண்டே போகிறது. காற்றின் தடை இல்லையெனில் கனமான குண்டும் லேசான குண்டும் ஒன்றாகவே விழும் என்ற முடிவுக்கும் அவர் வந்தார்.

ஒரு சரிவில் இறங்கும் குண்டு, எதிரே உள்ள சரிவில் ஏறக்குறைய அதே உயரத்துக்கு ஏறும். எதிர்ச் சரிவைத் தாழ்த்தினால் அவ்வுயரத்தை எட்ட நெடுந்தூரம் ஓடும். தரையோடு சமமாக்கிவிட்டால்? தடுப்பது ஒன்றுமில்லையேல் ஓடிக்கொண்டே இருக்கும்! கைவண்டியைத் தள்ளுவதை நிறுத்தினால் அது நின்றுவிடுகிறதே என்று நாம் கேட்கலாம். அதை நிறுத்துவது உராய்வு. ஓட்டம் நீடிக்க விசை தேவையில்லை. ஓட்டத்தை மாற்றவே விசை தேவை. வெற்றிடத்தில் எறிந்த பொருள் தானாக ஓயாது என்ற எண்ணம் பதினோராம் நூற்றாண்டு இப்னு ஸீனாவிடமும் உண்டு. ஆனால் அதைச் சோதனையோடும் கணக்கோடும் சேர்த்தது கலிலியோ.

1609-இல் தொலைநோக்கி அமைத்து வெனிஸ் ஆட்சியாளருக்குக் காட்ட, சம்பளம் 1000 புளோரினாக உயர்ந்தது. மறு ஆண்டு வியாழனைச் சுற்றும் நான்கு சந்திரன்களைக் கண்டார். புளோரன்ஸ் அரசவைக்கும் போனார். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கொள்கையை அவர் ஆதரித்ததே வினையாயிற்று. 1616-இல் ரோமாபுரித் திருச்சபை எச்சரித்தது. 1632-இல் அவர் அதே பொருள்மீது உரையாடல் நூலொன்றை வெளியிட்டார்.

பூமி ஓடினால் நமக்குத் தெரியாதா என்ற கேள்விக்கு அந்நூலில் அவர் காட்டும் உதாரணம் கப்பல். சீராகச் செல்லும் கப்பலின் அடித்தட்டு அறையில் வண்ணத்துப்பூச்சிகள் எப்பக்கமும் ஒரே மாதிரி பறக்கும். மேலே தொங்கும் குடுவையிலிருந்து சொட்டும் நீர், நேர் கீழேயுள்ள பாத்திரத்தில் விழும். கப்பல் ஓடுகிறதா நிற்கிறதா என்பதை உள்ளிருப்பவர் அறிய முடியாது. கப்பலேறி இந்நாடு வந்த நம் மூத்தவர்களுக்கு, கடல் அமைதியாக இருந்த நாட்களில் இது தெரிந்த அனுபவமே.

1633 ஜூன் 22-இல், அறுபத்தொன்பதாம் வயதில், விசாரணை மன்றத்தின்முன் மண்டியிட்டுத் தம் கொள்கையைக் கைவிடுவதாக வாசிக்கும்படி ஆயிற்று. நூல் தடை செய்யப்பட்டது. புளோரன்ஸுக்கு அருகே ஆர்ச்செத்ரியில் வீட்டுக் காவல். அருகிலிருந்த கன்னிமடத்தில் துறவியாக வாழ்ந்த மூத்த மகள் மரியா செலஸ்தே, தந்தையின் சட்டைத் துணி முதல் மருந்து வரை கவனித்து வந்தவர். 1634 ஏப்ரலில், முப்பத்துமூன்று வயதில், அவரும் இறந்தார். தந்தைக்கு அவர் எழுதிய நூற்றுக்கு மேற்பட்ட கடிதங்கள் இன்றும் உள்ளன.

விண்ணைப் பற்றிப் பேச வழியில்லாத கிழவர் பாதுவாக் காலத்துப் பழைய ஏடுகளை எடுத்தார். குண்டு, சட்டம், நீர், தராசு யாவும் நூலாயின. இத்தாலியில் அச்சிட முடியாமையால் கையெழுத்துப் பிரதி எல்லை கடந்து ஹாலந்து போய், 1638-இல் லெய்டன் நகரில் அச்சாயிற்று. இந்நூலையே அவருடைய எல்லா நூல்களிலும் மேலானதாக நாம் மதிக்கிறோம். அச்சேறிய பிரதி கைக்கு வந்தபோது அவருக்கு இரு கண்களும் போயிருந்தன.

அப்போதும் வேலை நிற்கவில்லை. இளைஞர் விவியானி உடனிருந்து எழுதினார்; கடைசி மாதங்களில் தொரிச்செல்லியும் வந்து சேர்ந்தார். 1642 ஜனவரி 8-ஆம் நாள் கலிலியோ மறைந்தார். சிறப்பான கல்லறை எழுப்பப் போப்பாண்டவர் இடம் தராததால், ஆலயத்தின் ஒரு சிறு அறையில் அடக்கினார்கள். 1737-இல்தான் உடல் சாந்தா குரோச்சே ஆலயத்தின் பெரிய கல்லறைக்கு மாற்றப்பட்டது. வழக்கில் தவறு நேர்ந்ததை 1992-இல் போப் இரண்டாம் ஜான் பால் ஒப்புக்கொண்டார். அதற்கு இருபத்தொரு ஆண்டுகளுக்கு முன்பே, 1971 ஆகஸ்டில், காற்றில்லாத சந்திரனில் நின்ற அமெரிக்க விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒரே நேரத்தில் கைவிட்டார். இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன.