விழிக்குள் ஒளியேற்றிய ஹெல்ம்ஹோல்ட்ஸ்

கண்ணின் பாவை ஏன் கருப்பாகத் தோன்றுகிறது? இவ்வினாவுக்கு விடை கண்டு, உயிருள்ளவரின் விழித்திரையைக் கத்தியின்றிக் காண வழிவகுத்த மேதை ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ்.

1821 ஆகஸ்ட் 31இல் ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் ஒரு பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்தார். உள்ளம் இயற்பியலை நாடியது. தந்தையின் வருவாயோ இடந்தரவில்லை. எனவே அரசு உதவியுடன் மருத்துவம் பயின்று, அதற்கு ஈடாகப் படை மருத்துவரானார். ஆயினும் ஆர்வம் குன்றவில்லை. படைவீட்டிலேயே சிறு ஆய்வுக்கூடம் அமைத்து, தவளையின் தசை இயங்கும்போது எழும் வெப்பத்தை ஆராய்ந்தார். உடலின் ஆற்றல் உணவிலிருந்தே பிறக்கிறது என்ற கருத்து அவருள் வலுப்பெற்றது. 1847இல் எழுதிய ஆற்றல் அழியாமை பற்றிய கட்டுரையைப் புகழ்பெற்ற இதழொன்று ஏற்க மறுத்தது. அதனைத் தனி நூலாகவே வெளியிட்டார்.

1849இல் கோனிக்ஸ்பெர்க்கில் உடலியல் பேராசிரியரானார். மறு ஆண்டு, மாணவர்களுக்குக் கண்ணைப் பற்றி விளக்க முற்பட்டபோது ஓர் உண்மை புலப்பட்டது. கண்ணுள் புகுந்த ஒளி வந்த வழியே விளக்கை நோக்கித் திரும்புகிறது. அதைக் காண நாம் குனிந்தால் நம் தலையே விளக்கை மறைத்துவிடுகிறது. பாவையின் கருமைக்குக் காரணம் இதுவே! சாய்த்து வைத்த மெல்லிய கண்ணாடித் தகடுகளால் விளக்கொளியைக் கண்ணுள் செலுத்தி, அத்தகடுகளின் ஊடாகவே திரும்பும் ஒளியைக் கண்டார். ஆப்தால்மாஸ்கோப் என்னும் விழிநோக்கி பிறந்தது. 1851இல் அதனை உலகுக்கு அறிவித்தார்.

1894 செப்டம்பர் 8இல் அவர் மறைந்தார். அவர் கண்டது விழித்திரையின் தோற்றத்தை. அங்கு எரிபொருள் செலவாகும் விதத்தை அன்று. 1920களில் ஆட்டோ வார்பர்க், வெளியே எடுத்த விழித்திரையை ஆராய்ந்து, ஆக்சிஜன் இருக்கும்போதும் அது குளுக்கோசைப் பெருமளவில் லாக்டிக் அமிலமாக மாற்றுவதைக் கண்டறிந்தார். ஆனால் வெளியே எடுத்த திசு மீண்டும் பார்வை தருமா?

எனவே இன்றைய ஆய்வாளர் மீண்டும் பாவையின் வழியையே நாடுகின்றனர். விழித்திரைக் குருதியின் நிறத்தைக் கொண்டு ஆக்சிஜனை அளக்கின்றனர். நீல ஒளி பட்டவுடன் செல்களிலுள்ள ஃபிளேவின் பொருள்கள் உமிழும் மங்கிய ஒளியைக் கொண்டு, குளுக்கோஸ் எரியும் திறத்தை மறைமுகமாக உணர முயல்கின்றனர். நீரிழிவால் பார்வை கெடுமுன்பே கேட்டை அறிய வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம்.

உணவிலிருந்து ஆற்றல், பாவை வழியே ஒளி என்னும் அவருடைய இரு சிந்தனைகளும் அங்கே ஒன்று சேர்கின்றன. விரும்பிய பாடம் கிட்டாத மாணவர் நம்மிலும் உண்டு. கிட்டிய மருத்துவத்துக்குள்ளேயே தாம் விரும்பிய இயற்பியலைக் கண்டெடுத்த ஹெல்ம்ஹோல்ட்ஸின் வாழ்வு அவர்களுக்கு ஒரு விளக்கு!