குஞ்சாலி மரைக்காயர் கடற்கொள்ளையரா?

அனுப்பர்பாளையத்தில் கடல் இல்லை. பித்தளை, எவர்சில்வர் பாத்திரப் பட்டறைகளின் தட்டோசையும், சுற்றிலுமுள்ள பனியன் கம்பெனிகளின் இரைச்சலுமே நம் காதில் விழுபவை. ஆயினும் சில நாட்களுக்கு முன்பு, மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் நம்மிடம் ஓத வரும் வாலிபர்களுக்குள் கடலைப் பற்றிய ஒரு தர்க்கம் மூண்டுவிட்டது. பவர் டேபிளில் தைக்கும் ஒரு தம்பி, 2021 டிசம்பரில் வெளிவந்த மரைக்காயர் திரைப்படத்தைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு வந்து, குஞ்சாலி மாவீரர், ஷஹீது என்றார். அவர் கடற்கொள்ளைக்காரர் என்றல்லவா சரித்திரப் புத்தகத்தில் இருக்கிறது என்று மற்றொருவர் மறுத்தார். பிறகு இருவரும் நம் முகத்தைப் பார்த்தார்கள்.

சினிமாவைப் பார்த்துச் சரித்திரம் பேசாதீர்கள் என்று கண்டித்துவிட்டு நாம் பாடத்தைத் தொடங்கியிருக்கலாம். ஆனால் கேள்வி நியாயமானது. வழிமறித்துப் பிறர் பொருளைப் பறிப்பது நம் மார்க்கத்தில் பெரும்பாவம். அதற்குரிய தண்டனை திருக்குர்ஆனிலேயே வந்திருக்கிறது. எனவே ஒரு முஸ்லிமைக் கொள்ளையர் என்பதும் ஷஹீது என்பதும் வாய்க்கு வந்தபடி சொல்லத்தக்க வார்த்தைகளல்ல. நேயர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். குஞ்சாலி என்பது ஒரே மனிதரின் பெயரன்று. கோழிக்கோட்டை ஆண்ட சாமூதிரி மன்னர் தம் கடற்படைத் தலைவருக்கு வழங்கிய பட்டம் அது. 16ஆம் நூற்றாண்டில் நால்வர் அடுத்தடுத்து அப்பட்டத்தைத் தாங்கினார்கள். சினிமா காட்டுவதும், பரங்கியர் ஏடுகள் அதிகமாகத் தூற்றுவதும் நான்காமவரான முஹம்மது குஞ்சாலி அவர்களைத்தான்.

மரைக்காயர்கள் பிறவிப் போர்வீரர்களல்லர், வியாபாரிகள். சோழமண்டலக் கரையிலிருந்து அரிசியும் துணியும் மலபாருக்குக் கொண்டு சென்று, அங்கிருந்து மிளகு ஏற்றியவர்கள். நம் காயல்பட்டினம், கீழக்கரை மக்களோடு கொள்வினை கொடுப்பினை உள்ள கூட்டம். அவர்களில் ஒரு பிரிவினர் கொச்சியில் தொழில் செய்துவந்தார்கள். பரங்கியரின் தொல்லை பொறுக்காமல் 1524 வாக்கில் கோழிக்கோட்டுக்குப் போய் சாமூதிரியின் நிழலில் ஒதுங்கினார்கள். தராசு பிடித்த கை வாள் பிடித்தது அதன் பிறகுதான்.

அந்தத் தொல்லை எத்தகையது? வாஸ்கோடகாமா 1498ல் வந்தான் என்பதைப் பள்ளிப் பிள்ளைகள் அறிவார்கள். 1502ல் அவன் இரண்டாம் முறை வந்தபோது செய்ததைப் பலர் அறியமாட்டார்கள். மக்கா ஷரீபிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த மீரி என்ற கப்பலை நடுக்கடலில் மறித்தான். அதில் ஹாஜிகளும் பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கணக்கானோர் இருந்தார்கள். பொருள்களை எல்லாம் பறித்துக்கொண்டபின் கப்பலுக்குத் தீ வைக்க உத்தரவிட்டான். பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக் காட்டி மன்றாடியதை அவனோடு வந்த போர்ச்சுகீசியரே எழுதிவைத்திருக்கிறார்கள். இதைச் செய்தவனைப் புத்தகங்கள் கடல்வழி கண்டவன் என்கின்றன.

பின்னர் அவர்கள் கார்த்தாஸ் என்று ஒரு சீட்டு முறையைக் கொண்டுவந்தார்கள். அரபி ஓதியவர்களுக்கு அச்சொல் புதிதன்று. காகிதம் என்று பொருள்படும் கிர்த்தாஸ் என்ற அரபிச் சொல்லே அப்படித் திரிந்தது. அல்அன்ஆம் சூராவிலும் அச்சொல் வருகிறது. பரங்கியருக்குப் பணம் கட்டி அந்தச் சீட்டைப் பெற்ற கப்பலே கடலில் போகலாம். அது இல்லாத கப்பல் பிடிக்கப்படும், சரக்கு பறிபோகும். ஆயிரம் வருஷமாக எவருக்கும் சொந்தமாக இல்லாத கடலுக்குச் சுங்கச்சாவடி போட்டுவிட்டார்கள்! கடல்வழி அடைபடுவதன் கஷ்டத்தை நம் பகுதியினருக்கு விளக்க வேண்டியதில்லை. 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, மேல்நாடுகளுக்குப் போகும் திருப்பூர்ச் சரக்குகள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போக நேர்ந்ததும், கப்பல் கூலி ஏறியதும் எல்லோரும் அறிந்ததே. அன்று காமா வந்ததும் அந்த ஆப்பிரிக்க வழியில்தான்.

வியாபாரம் மட்டுமா கெட்டது? ஹஜ்ஜும் சிக்கலாயிற்று. அந்தச் சீட்டுகளில் ஈசா நபி (அலை), மர்யம் (அலை) ஆகியோரின் உருவங்கள் இருந்தன. உருவப்படம் பொறித்த சீட்டோடு, பரங்கியரின் தயவில் ஹஜ்ஜுக்குப் போவதா என்ற கேள்வி எழுந்தது. அக்பரின் காலத்துப் பெரிய ஆலிம் முல்லா அப்துல்லாஹ் சுல்தான்பூரி, இந்நிலையில் இந்நாட்டு மக்கள்மீது ஹஜ் கடமையில்லை என்றே ஃபத்வா கொடுத்ததாக பதாயூனி எழுதியிருக்கிறார். வழியில் அச்சமின்மை ஹஜ் கடமையாவதற்குரிய நிபந்தனைகளில் ஒன்று என்பதை ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபு கிதாபுகளிலும் ஓதுகிறோம். ஓதும்போது அது ஒரு வரி. அன்றைய மக்களுக்கோ அதுதான் வாழ்க்கை. அந்த ஃபத்வா சரியா தவறா என்ற ஆய்வு வேறு. அப்படியொரு ஃபத்வா கேட்கும் நிலை வந்ததே, அதைத்தான் நாம் கவனிக்கிறோம்.

இந்நிலையில்தான் குஞ்சாலிகள் கடலில் இறங்கினார்கள். பரங்கியரிடம் பெரிய கப்பலும் பீரங்கியும் இருந்தன. இவர்களிடம் துடுப்புப் போட்டு விரையும் சிறு படகுகள். ஆற்றுக் கழிமுகங்களில் மறைந்திருந்து, காற்று விழுந்து பெரிய கப்பல் அசையாமல் நிற்கும் சமயம் பாய்ந்து தாக்கிவிட்டு, ஆழமில்லாத நீருக்குள் திரும்பிவிடுவார்கள். எப்போதும் வெற்றியே என்று சொல்லமாட்டோம். 1538ல் இலங்கை மன்னர் மாயாதுன்னைக்கு உதவப் புறப்பட்ட மரைக்காயர் படை, நம் இராமநாதபுரம் கரையில் வேதாளையில் பெருந்தோல்வி அடைந்தது. 1571லோ, பழைய பள்ளிவாசலை இடித்துப் பரங்கியர் கட்டியிருந்த சாலியம் கோட்டையை, சாமூதிரியின் நாயர் படையும் மூன்றாம் குஞ்சாலியின் படையும் சேர்ந்து பிடித்துத் தரைமட்டமாக்கின. அதற்குப் பின் வடகரை அருகே ஆற்று முகத்தில் கோட்டை கட்டிக்கொள்ள அவருக்கு மன்னர் அனுமதி கொடுத்தார்.

அப்படியானால் கொள்ளை என்ற குற்றச்சாட்டு முழுப் பொய்யா? இங்கே நாம் பொன்னானி ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்களைச் சாட்சியாக அழைக்கிறோம். மதரஸாக்களில் ஓதப்படும் ஃபத்ஹுல் முஈன் கிதாபின் ஆசிரியர் அவர்களே. பரங்கியரை எதிர்க்கத் தூண்டி துஹ்ஃபத்துல் முஜாஹிதீன் என்ற சரித்திரத்தையும் எழுதினார்கள். பரங்கியரின் கொடுமைகளை அவர்களைப்போல் எழுதியவர் இல்லை. ஆனால் அதே நூலில், கடலுக்குச் சென்ற நம்மவரில் சிலர் பகைவரின் கப்பல் கிடைக்காதபோது முஸ்லிம்களின் சரக்கையே அநியாயமாகப் பறித்ததையும், அவர்களைத் தடுத்துத் தண்டிக்க வலிமையுள்ள தலைவர் இல்லாததையும் மறைக்காமல் எழுதிவைத்தார்கள். தம் கூட்டம் என்பதற்காக ஹக்குல் இபாதை அவர்கள் மூடி மறைக்கவில்லை. நாமும் மறைப்பதற்கில்லை. அத்தகையோர் செய்தது கொள்ளைதான்.

ஆனால் ஒரு மன்னரின் கட்டளைப்படி, அவருடைய பகைவரோடு கடலில் பொருதிய தளபதியை அக்கூட்டத்தில் சேர்ப்பது நீதியாகாது. அதே காலத்தில் ஸ்பெயின்காரர்கள் கொள்ளையன் என்று ஏசிய டிரேக்குக்கு, இங்கிலாந்து ராணி 1581ல் ஸர் பட்டம் கொடுத்தார். பெயர் சூட்டுவது யார் என்பதைப் பொறுத்தே இருக்கிறது போலும்!

1595 வாக்கில் மூன்றாமவர் மறைய, அவருடைய மருமகன் முஹம்மது குஞ்சாலி பட்டத்துக்கு வந்தார். கோட்டையைப் பலப்படுத்தினார். அவருக்கும் சாமூதிரிக்கும் மனத்தாங்கல் வளர்ந்தது. தம்மையே முஸ்லிம்களின் அரசர் என்று அழைத்துக்கொண்டார், மன்னரின் யானை வாலை வெட்டினார் என்றெல்லாம் பரங்கியர் ஏடுகள் கூறுகின்றன. பகைவர் எழுதியதை அப்படியே நம்புவதற்கில்லை. ஆனால் அடங்கி நடந்த தளபதி மீது நெடுங்கால நட்பை முறிக்கும் அளவுக்கு ஒரு மன்னர் கோபம் கொண்டிருப்பாரா என்பதும் யோசிக்கத்தக்கது. எது எவ்வாறாயினும் 1597ல் சாமூதிரி பரங்கியரோடு உடன்படிக்கை செய்துகொண்டார். ஒரு நூற்றாண்டாகப் பீரங்கியால் ஆகாதது உட்பகையால் ஆயிற்று.

1599ல் முதல் தாக்குதல். தலைமை தாங்கியவன் லூயிஸ் டகாமா, வாஸ்கோடகாமாவின் கொள்ளுப்பேரன். ஏற்பாட்டில் நேர்ந்த குழப்பத்தால் பரங்கியர் ஏராளமாக மடிந்தார்கள். மறு ஆண்டு ஃபுர்த்தாதோ என்ற தளபதி கடல்புறத்தை அடைத்தான், சாமூதிரியின் படை நிலப்புறத்தை அடைத்தது. உணவு தீர்ந்தது. கோட்டைக்குள் பெண்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். உயிருக்கு அபயம் அளிப்பதாகச் சாமூதிரி வாக்களித்ததன்பேரில், 1600 மார்ச் 16 அன்று குஞ்சாலி அவர்கள் தலையில் கறுப்புத் துணி கட்டி, வாளைத் தலைகீழாகப் பிடித்தபடி வெளியே வந்தார்கள். வாளை மன்னரிடம் ஒப்படைத்தார்கள். அருகில் நின்ற ஃபுர்த்தாதோ அந்நொடியே அவர்கள் தோளைப் பற்றி இழுத்துக்கொண்டான். நாயர் வீரர்கள் கொதித்தெழுந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கொடுத்த வாக்கு மீறப்பட்டதை அவர்களாலும் சகிக்க முடியவில்லை. ஆனால் பயனில்லை.

கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். மதம் மாறும்படி பாதிரிமார்கள் வற்புறுத்தினார்கள். இணங்கவில்லை. பலர் பார்க்கத் தலை வெட்டப்பட்டது. உடல் நான்கு கூறாக்கப்பட்டுக் கோவாக் கடற்கரைகளில் வைக்கப்பட்டது. தலையை உப்பிட்டுக் கண்ணூருக்கு அனுப்பி, முஸ்லிம்கள் காணும்படி நட்டுவைத்தார்கள். உடன் பிடிபட்ட தோழர்களும் கொல்லப்பட்டார்கள். கோட்டை இடிக்கப்பட்டது.

நாம் இவ்வளவும் சொல்லி முடித்ததும் அந்தத் தையல்காரத் தம்பி, குஞ்சாலியின் கபர் எங்கே இருக்கிறது, ஸியாரத்துக்குப் போகலாமா என்று கேட்டார். கபர் இல்லை. குளிப்பாட்டவோ, கஃபனிடவோ, ஜனாஸா தொழவோ அவர்கள் உடலை எவரிடமும் கொடுக்கவில்லை. வடகரைக்குத் தெற்கே இரிங்கல் கோட்டக்கல்லில் அவர்கள் வீட்டின் எஞ்சிய பகுதி அருங்காட்சியகமாகக் காக்கப்படுகிறது. பம்பாய்க் கொலாபாவிலுள்ள இந்தியக் கடற்படைத் தளம் ஒன்றுக்குக் குஞ்சாலி என்று பெயர்.