ஃபோர்டு வீட்டு பேட்டரி கார்

ஹென்றி ஃபோர்டு என்றாலே நம்ம மெக்கானிக்கல் நண்பர்கள் சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொள்வார்கள். அசெம்பிளி லைன், மாடல் டி என்று வைவாவில் கேட்காத கேள்வியா? ஆனால் அந்த மாடல் டி ஊரெல்லாம் புகை விட்டுக்கொண்டு ஓடிய நாளில், அவர் வீட்டுக்கார அம்மா கிளாரா ஃபோர்டு ஓட்டியது பேட்டரி கார். அதுவும் புருஷன் கம்பெனி கார்கூட இல்லை, வேற கம்பெனிக் கார்! எலெக்ட்ரிக்கல் பிரிவுக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேணும்?

கிளாரா பிரையன்ட் 1866 ஏப்ரல் 11-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரை ஒட்டிய கிரீன்ஃபீல்டில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சரியாகத் தன் 22-வது பிறந்த நாளில் ஹென்றியைக் கல்யாணம் செய்துகொண்டார். 1891-ல் ஹென்றிக்கு டெட்ராய்ட்டில் எடிசன் பெயர் தாங்கிய மின்விளக்குக் கம்பெனியில் வேலை கிடைத்ததும் கிராமத்தை விட்டுக் குடி பெயர்ந்தார்கள். பெட்ரோல் கார் ராஜா சம்பளம் வாங்கியது பவர் ஹவுஸில்தான் என்பதை மெக்கானிக்கல் நண்பர்கள் குறித்துக்கொள்ளவும்.

1893 கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி. மகன் எட்சல் பிறந்து ஏழு வாரம்கூட ஆகலை. ஹென்றி தான் செய்த குட்டி இன்ஜினைச் சமையல்கட்டுத் தொட்டியில் பொருத்தி வைத்தார். ஸ்பார்க்குக்கு வீட்டு விளக்கு லைனிலிருந்து கரண்ட். கார்புரேட்டர் கிடையாது. பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாக ஊற்றுவது கிளாராவின் வேலை. ஹென்றி ஃப்ளைவீலைச் சுற்றிவிட, தொட்டியே ஆட, இன்ஜின் ஓடியது. ஃபோர்டின் முதல் இன்ஜினுக்குக் கார்புரேட்டர் யார் என்று யாராவது கேட்டால், கிளாரா அம்மா என்று தாராளமாகச் சொல்லலாம்.

மூணு வருஷம் கழித்து, 1896-ல், ஹென்றி எடிசனையே நேரில் சந்தித்தார். பேட்டரி வண்டி பவர் ஹவுஸை விட்டு ரொம்ப தூரம் போக முடியாது, உன் வண்டிதான் சரி என்கிற மாதிரி எடிசன் தட்டிக் கொடுத்தார். அப்புறம் நடந்தது தெரிந்த கதை: 1903-ல் கம்பெனி, 1908-ல் மாடல் டி.

கிளாராவுக்கு ஏன் பேட்டரி கார்? மாடல் டி-யைக் கிளப்புவது லேசுப்பட்ட காரியம் இல்லை. முன்னாடி குனிந்து ஹேண்டிலைச் சுற்றணும். இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்தால் மணிக்கட்டு போச்சு. ஏறி உட்கார்ந்தால் மூணு பெடல், போதாததுக்கு ஸ்பார்க் லீவர். கிளாராவின் 1914 மாடல் டெட்ராய்ட் எலெக்ட்ரிக்கில் இந்த வம்பே கிடையாது. கியர் மாத்தும் தொல்லை இல்லை. ஒரு லீவரால் திருப்பணும், இன்னொன்றால் வேகத்தைக் கூட்டணும், அவ்வளவுதான். நம்ம மெஷின்ஸ் லேபில் பார்க்கிற அதே டி.சி. மோட்டார். ஓட்டுபவர் உட்காருவது பின் சீட்டில். முன்னால் உட்காருபவர் அவரைப் பார்த்துத் திரும்பி உட்காரலாம். கார் என்பதைவிட நாலு சக்கரம் வைத்த கூடம் என்று சொல்லலாம்.

வேகம் மணிக்கு 25 மைல். ஒரு சார்ஜுக்குச் சுமார் 80 மைல். இன்றைக்கு எலெக்ட்ரிக் ஸ்கூட்டரைப் பார்த்ததும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, எவ்வளவு தூரம் ஓடும் என்பது. கிளாராவின் வீட்டிலிருந்து டெட்ராய்ட் நகர மையத்துக்குச் சுமார் 10 மைல்தான். போய் வந்தாலும் பேட்டரியில் முக்கால் பங்கு மிச்சம்! அப்புறம் எதற்குக் கவலை? டியர்பார்னில் ரூஜ் ஆற்றங்கரையில் கட்டிய அவர்களின் ஃபேர் லேன் மாளிகைக்குச் சொந்தமாகவே நீர்மின் நிலையம் இருந்தது. அந்தக் கட்டடத்திலேயே கார் கொட்டகை, சார்ஜ் போடும் வசதியும் அங்கேயே. ஆத்துத் தண்ணி டர்பைனைச் சுத்தும். அம்மா வண்டி ஓடும்.

எலெக்ட்ரிக் காரைப் பொம்பளைங்க வண்டி என்று அன்றைக்கே முத்திரை குத்திவிட்டார்கள். சுத்த அபத்தம். எடிசனும் அதே கம்பெனிக் கார் வைத்திருந்தார், பல டாக்டர்களும் வைத்திருந்தார்கள். 1912-ல் கெட்டரிங் செய்த செல்ஃப் ஸ்டார்ட்டர் காடிலாக் காரில் வந்தபோது ஹேண்டில் தொல்லையும் போனது. இனி பெட்ரோலுக்கே மாறலாமே? கிளாரா மாறவில்லை. அந்த 1914 வண்டியை 1930-கள் வரை ஓட்டினார்.

ஆனால் ஒன்று. இந்த நிம்மதி எல்லோருக்கும் கிடைக்கவில்லை. அதே 1914 ஜனவரியில் ஃபோர்டு தொழிலாளிக்கு நாள் கூலி 5 டாலர் என்று அறிவித்தார். டெட்ராய்ட் எலெக்ட்ரிக்கின் விலை 3,000 டாலருக்கு மேல். கணக்குப் போடுங்க: 600 நாள் கூலிக்கும் அதிகம். மாடல் டி-க்கு 100 நாள் கூலியை ஒட்டி இருந்தால் போதும். கிராமங்களில் பெரும்பாலும் கரண்டே கிடையாது. அந்தக் காலத்து எலெக்ட்ரிக் காரைத் தோற்கடித்ததில் பேட்டரியைவிட இந்தக் கணக்குக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் கட்சி. ஹென்றியும் எடிசனும் சேர்ந்து மலிவான எலெக்ட்ரிக் கார் கொண்டுவரப் போகிறார்கள் என்று 1914-ல் பேச்சு அடிபட்டது. சோதனை வண்டிகள் ஓடின. எடிசனின் நிக்கல்-இரும்பு பேட்டரிக்கு உள் மின்தடை அதிகம், குளிரிலும் சோர்ந்துவிடும். கார் கடைசிவரை சந்தைக்கு வரவில்லை.

மெதுவாகக் கார் ஓட்டிய அம்மா சாதுவாக மட்டும் இருந்துவிடவில்லை. பெண்களின் ஓட்டுரிமைக்காக நின்றவர். தோட்டம், விவசாயம் சார்ந்த தேசிய மகளிர் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். 1937-ல் ஃபோர்டு ஆலை வாசலில் தொழிற்சங்கத்தாரை ஆள் வைத்து அடித்தார்கள். 1941 ஜூனில் அதே கம்பெனி சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டது. இனி ரத்தம் சிந்தக் கூடாது, கையெழுத்துப் போடாவிட்டால் வீட்டை விட்டே போய்விடுவேன் என்று கிளாரா நின்றதுதான் காரணம் என்று ஹென்றியின் வலதுகையாக இருந்த சோரன்சன் பின்னாளில் எழுதியிருக்கிறார். நம் மாணவர் பேரவை அந்த அம்மாவுக்கு ஒரு சலாம் வைக்கலாம்.

எட்சல் 1943-ல் இறந்தார். 1945-ல் வயதான ஹென்றியிடம் பேசிப் பேசி, நிர்வாகம் பேரன் கைக்குப் போக வைத்ததிலும் கிளாராவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1947 ஏப்ரல் 7 ராத்திரி ஹென்றி இறந்தபோது ரூஜ் ஆற்றில் வெள்ளம். நீர்மின் நிலையம் நின்றுபோய், அத்தனை பெரிய மாளிகையில் விளக்கும் மெழுகுவர்த்தியும்தான் வெளிச்சம். கிளாரா 1950 செப்டம்பர் 29-ல் காலமானார். அவர் ஓட்டிய கார் டியர்பார்னில், புருஷன் பேரில் உள்ள மியூசியத்தில் இருக்கிறது.