குளத்துப் பாசியிடம் பாடம் கேட்டவர்

குழந்தைகளே! சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி போயிருக்கிறீர்களா? வழியில் மரக்காணம் வரும். கோடையில் அங்கே உப்பளங்களில் வெள்ளை வெளேரென்று உப்பு குவிந்து கிடக்கும். பாத்தி வரப்புகளில் உமரியைப் போன்ற சில செடிகளே தலைகாட்டும். உப்பளத்தை விட்டு ஊர்ப்பக்கம் நடந்தால் நல்ல தண்ணீர்க் குளங்கள் உண்டு. அவற்றில் ஹைட்ரில்லா என்னும் நீர்ச்செடி மண்டிக் கிடக்கும். நாங்கள் பாசி என்றுதான் சொல்வோம்.

நான் ஆசிரியராக இருந்த நாட்களில் ஒளிச்சேர்க்கைப் பாடம் வந்தால் அந்தப் பாசியில் ஒரு கைப்பிடி கொண்டு வரச் சொல்வேன். கண்ணாடி முகவையில் பாசி, அதன் மேல் கவிழ்த்த புனல், புனலின் மேல் நீர் நிறைந்த சோதனைக் குழாய். வெயிலில் வைத்தால் ஆக்சிஜன் குமிழ் குமிழாக மேலே வரும். பிள்ளைகள் சத்தம் போட்டு எண்ணுவார்கள்.

இதே பாசியின் குமிழிகளை எண்ணிய பெரிய விஞ்ஞானி ஒருவர் இருந்தார். அவர்தான் ஜகதீச சந்திர போஸ். அவர் எண்ணிக் கண்டதன் பொருள் உலகத்துக்கு விளங்க ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று!

போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் வங்காளத்தில் பிறந்தார். அவர் பிறந்த பகுதி இப்போது வங்கதேசத்தில் இருக்கிறது. தந்தை பகவான் சந்திர போஸ் அரசு அதிகாரி. அக்காலத்தில் அதிகாரிகள் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்குத்தான் அனுப்புவார்கள். இவரோ மகனை முதலில் தாய்மொழிப் பள்ளியில் சேர்த்தார். வகுப்பில் போசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்களில் ஒருவன் மீனவர் மகன். அவன் சொன்ன நீர்வாழ் உயிர்களின் கதைகளைக் கேட்டுத்தான் சிறுவனுக்கு இயற்கையின் மீது ஆசை பிறந்தது. இதை நம் கடற்கரைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போதெல்லாம் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பிறகு கல்கத்தாவிலும் இங்கிலாந்திலும் படித்தார். 1885இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். ஆனால் இந்தியர் என்பதால் ஆங்கிலேயரை விடக் குறைந்த சம்பளமே தந்தார்கள். போஸ் சண்டை போடவில்லை, வேலையையும் விடவில்லை. மூன்று ஆண்டுகள் சம்பளத்தைத் தொடாமலே பாடம் நடத்தினார். வீட்டில் தந்தையின் கடன் வேறு இருந்தது. கடைசியில் கல்லூரி இறங்கி வந்து, முழுச் சம்பளத்தையும் நிலுவையோடு கொடுத்தது. அந்தப் பணம் கடனை அடைக்க உதவியது. அவருடைய மனைவி அபலா நம் சென்னையில் மருத்துவம் படித்தவர் என்பது பலருக்குத் தெரியாது.

கம்பியில்லாமல் மின்அலைகளை அனுப்பி, தூரத்தில் இருந்த மணியை ஒலிக்கச் செய்து காட்டியவர் போஸ். அதோடு நிற்காமல் அவர் கவனம் செடிகளின் பக்கம் திரும்பியது. இயற்பியல்காரருக்குச் செடியிடம் என்ன வேலை என்று லண்டனில் சில அறிஞர்கள் முகம் சுளித்தார்கள். 1901இல் ராயல் சங்கத்தில் அவர் படித்த கட்டுரை அச்சேறாமல் நின்றது. அதே சங்கம் 1920இல் அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. செடியின் வளர்ச்சியைப் பத்தாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவியைச் செய்தார். 1917இல் தம் பிறந்த நாளன்று கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார். செடிகளுக்கு உணர்ச்சி உண்டு என்று அவர் சொன்னவற்றையெல்லாம் இன்றைய அறிஞர்கள் அப்படியே ஏற்பதில்லை. ஆனால் பாசிச் சோதனை வேறு விஷயம்.

குமிழிகளைக் கண்ணால் எண்ணினால் தப்பு வரும் அல்லவா? அதனால் வெளிவரும் ஆக்சிஜனைத் தானே குறித்துக்கொள்ளும் ஒரு கருவியைப் போஸ் அமைத்தார். சுழலும் உருளையில் அடையாளங்கள் விழும். அடையாளங்கள் நெருக்கமாக இருந்தால் செடி வேகமாக வேலை செய்கிறது என்று பொருள்.

இப்படிப் பார்த்தபோதுதான் ஒரு புதிர் எழுந்தது. ஒளிச்சேர்க்கைக்குக் கரியமில வாயு வேண்டும் என்று படித்திருக்கிறீர்கள். குளிர்காலத்துப் பாசி அப்படித்தான் நடந்துகொண்டது. கோடைகாலத்துப் பாசியோ, கரியமில வாயு இல்லாத நீரிலும் ஆக்சிஜனை வெளிவிட்டது! போஸ் ஆராய்ந்தபோது கோடைப் பாசிக்குள் மாலிக் அமிலம் இருந்தது. காய் ஆப்பிளைப் புளிக்கச் செய்கிறதே, அதே அமிலம்தான். கரியமில வாயுவுக்குப் பதில் இந்த அமிலத்தைச் செடி பயன்படுத்துகிறது என்று முடிவு செய்தார். 1924இல் ஒளிச்சேர்க்கை பற்றித் தனி நூலாகவே எழுதி வெளியிட்டார். ஆனால் இந்தப் புதிரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போஸ் 1937ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் காலமானார். இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால் 79 வயது நிறைந்திருக்கும். செடிக்குள் கரி போகும் பாதையைத் தொடர்ந்து பார்க்க உதவும் கதிரியக்கக் கரி, அதாவது கார்பன் 14, கண்டுபிடிக்கப்பட்டது 1940இல்தான். மூன்றே ஆண்டு இடைவெளி! எனக்கு இதை நினைத்தால் இன்றும் மனம் ஆறாது.

அந்தக் கரியை வைத்து அமெரிக்காவில் மெல்வின் கால்வினும் அவருடைய குழுவினரும் ஒளிச்சேர்க்கையின் பாதையைக் கண்டார்கள். கால்வினுக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது. நெல் போன்ற செடிகளில் முதலில் மூன்று கரி அணுக்கள் கொண்ட பொருள் உண்டாகிறது. 1960களில் ஹவாய்த் தீவிலும் ஆஸ்திரேலியாவிலும் கரும்பை ஆராய்ந்தவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். கரும்பில் முதலில் நான்கு கரி அணுக்கள் கொண்ட அமிலம் உண்டாகிறது. மாலிக் அமிலமும் அதில் ஒன்று! மூட்டை தூக்கும் ஆள் போல அது கரியமில வாயுவைச் சுமந்து இலையின் உட்பகுதிக்குப் போய் இறக்கி வைக்கிறது. கடும் வெயிலிலும் வேலை கெடுவதில்லை. சோளம், கம்பு, கேழ்வரகு, அருகம்புல் எல்லாம் இந்த வழிக்காரர்களே. உப்பள ஓரத்து உமரிச் செடிகளிலும் ஒரு வகை இப்படித்தான் பிழைக்கிறது.

ஹைட்ரில்லா? அதையும் 1980 வாக்கில் அமெரிக்காவின் புளோரிடாவில் ஆராய்ந்தார்கள். கோடையில் பாசி அடர்ந்த குளத்தில் பகலில் கரியமில வாயு குறைந்துவிடும். அப்போது இந்தச் செடி நான்கு கரி வழிக்கு மாறிக்கொள்கிறது. போஸ் கண்ட கோடைப் பாசியின் புதிர் அப்போதுதான் அவிழ்ந்தது.

இப்போது நெல்லையும் கரும்பின் வழிக்கு மாற்ற முடியுமா என்று விஞ்ஞானிகள் பாடுபடுகிறார்கள். 2008 முதல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து முயன்று வருகிறார்கள். இலையின் அமைப்பையே மாற்ற வேண்டியிருப்பதால் வேலை மெதுவாகத்தான் நடக்கிறது. ஹைட்ரில்லாவுக்கு அந்தத் தனி இலை அமைப்பு தேவைப்படவில்லை என்பதால் அதையும் கூர்ந்து பார்க்கிறார்கள்.

உங்கள் ஊர்க் குளத்திலும் இந்தப் பாசி இருக்கும். பெரியவர் ஒருவரை உடன் அழைத்துப் போய் எடுத்து வாருங்கள். நிழலில் ஐந்து நிமிடம், வெயிலில் ஐந்து நிமிடம் குமிழிகளை எண்ணி நோட்டில் குறித்து வையுங்கள். மார்கழியில் ஒரு முறை, சித்திரையில் ஒரு முறை.