ஞானப்பூ அம்மாள்

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு

விவிலியத்தில் பெரிய பெயர்களுக்கு நடுவே சிறிய பெயர்களும் இருக்கின்றன. மோசேயை அறியாதவர் நம்மில் யாருமில்லை. ஆனால் பாரவோனின் கட்டளைக்கு அஞ்சாமல் எபிரேயரின் ஆண் குழந்தைகளைக் காப்பாற்றிய சிப்ரா, பூவா என்னும் இரண்டு மருத்துவச்சிகளை எத்தனை பேர் அறிவோம்? தன் ஏழு மக்களும் ஒரே நாளில் வதைக்கப்பட்டு இறப்பதைக் கண்ணாரக் கண்டும் விசுவாசத்தில் தளராத மக்கபேயர் காலத்துத் தாய்க்கோ பெயர்கூட எழுதி வைக்கப்படவில்லை. ஆரவாரமில்லாத வீரம் அவர்களுடையது.

அத்தகைய பெண்மணி ஒருவர் நம் பக்கத்திலேயே வாழ்ந்திருக்கிறார். குற்றாலத்தில் சாரலாய்ப் பொழியும் இதே மேற்குத் தொடர்ச்சி மலை, தெற்கே நீண்டு சென்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் வழிவிடுகிறது. அக்கணவாய் ஒரு காலத்தில் திருவிதாங்கூர் அரசின் எல்லை. 1956 வரை செங்கோட்டையும் திருவிதாங்கூர்ப் பகுதியாய் இருந்ததைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கும் நமக்கு, எல்லை என்றால் என்னவென்று விளங்கும். அந்த எல்லையைத் தாண்டி, திரும்பிப் பாராமல் வந்தவர்தான் ஞானப்பூ அம்மாள். புனித தேவசகாயத்தின் மனைவி.

அவருடைய பிறவிப் பெயர் பார்கவி. உயர்ந்த நாயர் குடும்பத்தில் பிறந்து, நட்டாலத்தைச் சேர்ந்த நீலகண்டரை மணந்தார். 1712-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் பிறந்த நீலகண்டர், மார்த்தாண்ட வர்மா மகாராஜாவின் பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவல் பார்த்தார். செல்வாக்கும் செல்வமும் நிறைந்த இல்லம் அது.

1741-ல் குளச்சல் போரில் திருவிதாங்கூர்ப் படை டச்சுக்காரரை வென்றது. அங்கே சிறைப்பட்ட டிலனாய் என்னும் கத்தோலிக்கத் தளபதி, பின்னர் மகாராஜாவின் படைகளுக்கே பயிற்சி தரும் நிலைக்கு உயர்ந்தார். நீலகண்டர் அவருடன் நட்புக் கொண்டார். அந்நாளில் நீலகண்டரின் கால்நடைகள் மடிந்தன, சொத்துக்கள் நஷ்டமாயின. மனமுடைந்த நண்பருக்கு டிலனாய் யோபுவின் கதையை எடுத்துச் சொன்னார். அக்கதையே நீலகண்டரின் உள்ளத்தில் விசுவாசத்தின் விதையாய் விழுந்தது. 1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள், வடக்கன்குளத்தில் புத்தாரி என்னும் சேசுசபைக் குருவிடம் அவர் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார்.

இவ்விடத்தில் நாங்கள் சற்று நின்று யோசித்தோம். யோபுவுக்கும் ஒரு மனைவி இருந்தாள். ஏழு ஆண்மக்கள், மூன்று பெண்மக்கள் என்று பத்துப் பிள்ளைகளை இழந்தவள் அவள். துயரம் தாங்காமல், கடவுளைச் சபித்துவிட்டுச் செத்துப்போகும்படி கணவனிடமே சொல்லிவிட்டாள். அவளைக் கடிந்துகொள்ள எங்களுக்கு மனம் வரவில்லை. அந்த வேதனை யாரையும் அப்படிப் பேச வைக்கும். ஆனால் யோபுவின் கதையால் மனம் மாறிய இம்மனிதரின் மனைவியோ வேறு வழியில் நடந்தார். கணவர் ஏற்ற மறையைத் தாமும் ஏற்று, வடக்கன்குளத்திலேயே ஞானஸ்நானம் பெற்றார். அவருக்கு இடப்பட்ட பெயர் தெரேசா, தமிழில் ஞானப்பூ. நம் சிறுமலர் குழந்தை தெரேசாளின் பெயரல்ல இது. அவர் பிறந்தது 1873-ல்தான். இது அவிலா நகரத்துப் புனித தெரேசாளின் பெயர்.

இதனால் அவர் இழந்தது எவ்வளவு என்று எண்ணிப் பார்ப்போம். நாயர் குடும்பங்களில் அக்காலத்தில் மருமக்கள் தாய முறை இருந்தது. வம்சமும் சொத்தும் பெண்வழியாகவே இறங்கின. பெண்ணுக்குப் பிறந்த வீடே கோட்டை. மதம் மாறினால் சாதி போகும். சாதி போனால் அந்த வீட்டின் கதவும் அடைபடும். சீதனம் இல்லையென்று பெண் அழுகிற கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு, வீட்டையே உரிமையாய்ப் பெற்றிருந்த ஒரு பெண் அதை விட்டு வந்தார் என்பது பெரிய வியப்பல்லவா? திருவிதாங்கூரில் புதுக் கிறிஸ்தவர்களுக்குத் துன்பம் நேரும் என்று அஞ்சிய ஞானப்பூ, எல்லைக்கு இப்பால் வடக்கன்குளத்தில் குடியேறினார். அஞ்சினார் என்று எழுத நாங்கள் வெட்கப்படவில்லை. அச்சம் இருந்தும் விசுவாசத்தை விடாததே துணிவு என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

அவர் அஞ்சியதே நடந்தது. சாதி வேற்றுமை பாராமல் எல்லாருடனும் சமமாய்ப் பழகிய தேவசகாயம், அரண்மனையில் பலருடைய பகையைத் தேடிக்கொண்டார். 1749 பிப்ரவரி 23-ல் அவர் சிறைப்பட்டார். எருக்கம்பூ மாலை சூட்டி, எருமைமேல் பின்னோக்கி அமர்த்தி, ஊர் ஊராய் இழுத்துச் சென்றார்கள். சாட்டையால் அடித்துக் காயங்களில் மிளகுப் பொடியைத் தேய்த்தார்கள். பெருவிளையில் மரத்தோடு பிணைத்து வைத்தார்கள். மூன்று ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. இறுதியில் 1752 ஜனவரி 14-ஆம் நாள், ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடி மலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். காற்றாடி மலை கணவாய்க்கருகே இருக்கிறது. கணவாயைக் கடந்தால் வடக்கன்குளம் வெகுதூரமில்லை. கணவர் உயிர்விட்ட மலை ஞானப்பூ வாழ்ந்த ஊருக்கு அவ்வளவு அண்மையில்தான் இருந்தது. கண்டெடுத்த எலும்புகளைக் கிறிஸ்தவர்கள் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். அக்கல்லறையோ எல்லைக்கு அப்பால் இருந்தது.

அதன்பின் ஞானப்பூ பிறந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. ஏற்ற மறையை மறுக்கவுமில்லை. வடக்கன்குளத்திலேயே விதவையாய் வாழ்ந்து, அங்கேயே மரித்து, அங்கேயே அடக்கமானார். சாட்டையடியும் துப்பாக்கிக் குண்டும் அவர்மேல் விழவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் விடியும்போது, திரும்பிப் போய்விடலாம் என்னும் வழி அவருக்கு இருந்தது. அந்த வழியில் அவர் ஒரு நாளும் நடக்கவில்லை.

2012 டிசம்பர் 2-ல் நாகர்கோவிலில் தேவசகாயம் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். 2022 மே 15-ல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை உரோமையில் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். துறவறம் பூணாது, இல்லறத்தில் இருந்து புனிதரான முதல் இந்தியர் அவரே. அந்த இல்லறத்தின் மறுபாதி ஞானப்பூ அல்லவா?

மறைசாட்சியாய் இறக்கும் வாய்ப்பு நம்மில் யாருக்கும் வராமல் போகலாம். ஆனால் ஏற்ற உண்மையில் நிலைத்து, யாரும் பாராட்டாத நாட்களிலும் வாழ்ந்து காட்டும் வாய்ப்பு எல்லாருக்கும் வரும். நம் தாய்மாரில் பலர் அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள், நாம்தான் கவனிப்பதில்லை. அடுத்த ஜனவரி 14-ஆம் நாள் புனித தேவசகாயத்தை நினைக்கும்போது, எல்லைக்கு இப்பால் தனியே ஜெபித்துக்கொண்டிருந்த அந்த அம்மாளையும் நினைப்போம். அவருடைய அமைதியான துணிவில் ஒரு துளியையேனும் நமக்குத் தரும்படி இறைவனை இறைஞ்சுவோமாக.