வெயிலை வென்ற ஓட்ட வீரர் பாவோ நூர்மி

ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வருபவரை உலகம் பாராட்டுகிறது. அந்தச் சில நிமிட வெற்றிக்குப் பின்னால் எத்தனை ஆண்டு உழைப்பு மறைந்திருக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. பின்லாந்து நாட்டு ஓட்ட வீரர் பாவோ நூர்மியின் வாழ்க்கை இவ்வுண்மையை நமக்கு நன்கு விளக்குகிறது.

நூர்மி 1897-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் பின்லாந்தின் டுர்க்கு நகரில் பிறந்தார். தந்தை ஒரு தச்சர். 1910-இல் தந்தை இறந்தபோது நூர்மி சிறுவர்தான். குடும்பத்தை வறுமை சூழ்ந்தது. சமையலறையை வேறொரு குடும்பத்திற்கு வாடகைக்கு விட்டு, தாயும் பிள்ளைகளும் ஒரே அறையில் வாழ்ந்தனர். படிப்பில் கெட்டிக்காரராக இருந்தும் நூர்மி பள்ளியை விட்டு ஒரு ரொட்டிக் கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். பாரம் ஏற்றிய தள்ளுவண்டியை மேட்டுத் தெருக்களில் தள்ளிச் செல்வதே அவருடைய வேலை. வறுமை கொடுத்த அந்த வேலையே அவருடைய கால்களுக்கும் முதுகுக்கும் உரமூட்டியது.

1912-இல் ஸ்டாக்ஹோம் நகரில் நடந்த ஒலிம்பிக் போட்டியில் அவருடைய நாட்டவரான ஹான்னெஸ் கொலெஹ்மாய்னென் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். இச்செய்தி பதினைந்து வயது நூர்மியின் உள்ளத்தில் ஒரு விளக்கை ஏற்றியது. அன்றிலிருந்து அவர் ஓயாமல் பயிற்சி செய்தார். நீண்ட குளிர்காலத்தில் பனி மூடிய பாதைகளில் நெடுந்தூரம் நடந்தார். கோடையில் காடுகளினூடே ஓடினார். 1919-இல் இராணுவத்தில் சேர்ந்த பின், மற்ற வீரர்கள் நடந்து செல்லும் நெடும்பயணத்தில், தோளில் துப்பாக்கியும் முதுகில் மணல் மூட்டையும் சுமந்துகொண்டு அவர் ஓடியே சென்றார். பிற்காலத்தில் கையில் ஸ்டாப் வாட்ச் பிடித்துக்கொண்டே ஓடுவது அவர் வழக்கமாயிற்று. அருகில் ஓடுபவரைப் பார்த்து வேகத்தைக் கூட்டாமல், தம் வேகத்தைத் தாமே அளந்து ஓடினார்.

1920-இல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் பெற்றார். ஆயினும் அவருடைய உண்மையான சோதனை 1924-இல் பாரிஸ் நகரில் காத்திருந்தது.

அவ்வாண்டின் தொடக்கத்தில் பனிக்கட்டி படர்ந்த பாதையில் வழுக்கி விழுந்து முழங்காலில் காயம் அடைந்தார். பயிற்சி தடைப்பட்டது. அவரோ மனம் தளராமல் மீண்டும் கடும் பயிற்சியில் இறங்கினார். ஒலிம்பிக்கில் 1500 மீட்டர், 5000 மீட்டர் ஆகிய இரு இறுதிப் போட்டிகளும் ஒரே நாளில், குறுகிய இடைவெளியில் வரவிருந்தன. எனவே ஜூன் 19-ஆம் நாள் ஹெல்சிங்கியில் இரண்டு தூரத்தையும் அடுத்தடுத்து ஓடித் தம்மைத் தாமே சோதித்தார். இரண்டிலும் உலக சாதனை படைத்தார்! ஜூலை 10-ஆம் நாள் பாரிஸிலும் இரண்டிலும் தங்கம் வென்றார்.

இரண்டே நாட்களுக்குப் பின், ஜூலை 12 அன்று, கிராஸ் கன்ட்ரி எனப்படும் மேடுபள்ளப் பாதை ஓட்டம் நடந்தது. தூரம் பத்து கிலோமீட்டருக்கும் மேல். அன்று பாரிஸில் வெயில் தீயாய்ச் சுட்டது. வெப்பம் 40 டிகிரியையும் தாண்டியது. பாதையோ புல்லும் முள்ளும் புழுதியும் நிறைந்தது. அருகிலிருந்த ஆலையின் புகை வேறு மூச்சை அடைத்தது. புறப்பட்டவர் 38 பேர். ஒருவர் பின் ஒருவராக வழியிலேயே சுருண்டு விழுந்தனர். சிலர் நிலைதடுமாறித் திசை தெரியாமல் ஓடினர். முடிவுக் கோட்டை அடைந்தவர் 15 பேர் மட்டுமே.

அந்த வெயிலில் நூர்மி மட்டும் களைப்பே இல்லாதவர்போல் முதலாவதாக வந்து சேர்ந்தார். இரண்டாவதாக வந்த அவருடைய நாட்டவர் வில்லே ரிட்டோலா அவருக்கு ஒரு நிமிடத்திற்கும் மேல் பிந்தியே வந்தார். பனியில் பழகிய உடல் வெயிலை எப்படித் தாங்கியது? தம் பலம் எவ்வளவு, அதை எப்படிப் பகிர்ந்து செலவிட வேண்டும் என்பதைப் பல ஆண்டுப் பயிற்சி அவருக்குக் கற்றுத் தந்திருந்தது என்றே நமக்குத் தோன்றுகிறது.

ஆனால் அன்றைய கதை இத்துடன் முடியவில்லை. குழுவுக்கான தங்கம் கிடைக்க வேண்டுமானால் ஒரே நாட்டைச் சேர்ந்த மூவர் ஓட்டத்தை முடித்தாக வேண்டும். பின்லாந்தின் மூன்றாமவரான ஹெய்க்கி லீமத்தாய்னென் தள்ளாடித் தள்ளாடி அரங்கத்தினுள் வந்தார். முடிவுக் கோட்டை நெருங்குகையில் அறிவு மயங்கி நின்றுவிட்டார். பின்னர் எப்படியோ தம்மைத் திரட்டிக்கொண்டு, தட்டுத்தடுமாறிக் கோட்டைக் கடந்தார். அவர் பெற்ற இடம் பன்னிரண்டாவது. அந்தப் பன்னிரண்டாம் இடம் இல்லையேல் முதலிடம் பெற்ற நூர்மிக்கும் குழுத் தங்கம் இல்லை! மறுநாள் 3000 மீட்டர் குழு ஓட்டத்திலும் வென்று, அந்த ஒரே ஒலிம்பிக்கில் ஐந்து தங்கங்களை நூர்மி பெற்றார்.

அன்றைய துன்பத்தைக் கண்ட பின் கிராஸ் கன்ட்ரி ஓட்டம் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது. எனினும் ஆண்கள் நெடுந்தூரம் ஓடத் தகுதியற்றவர்கள் என்று எவரும் சொல்லவில்லை. 1928-இல் ஆம்ஸ்டர்டாமில் நூர்மி 10,000 மீட்டரில் மீண்டும் தங்கம் வென்றார். அதே ஒலிம்பிக்கில்தான் பெண்கள் முதன்முறையாகத் தடகளப் போட்டிகளில் அனுமதிக்கப்பட்டனர். அவர்களுக்கு மிக நீண்ட ஓட்டம் 800 மீட்டர். அதையும் பெண்கள் தாங்கமாட்டார்கள் என்று கூறி நிறுத்திவிட்டனர். 1960-இல்தான் அது மீண்டும் வந்தது. பெண்களுக்கான மாரத்தான் 1984-இல்தான் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. விளையாட்டுத் திடலில் ஓடும் வாய்ப்பு நமக்கு எளிதில் கிடைத்ததன்று என்பதைத் தோழியர் மறக்கலாகாது.

1932-இல் லாஸ் ஏஞ்சலஸில் மாரத்தான் ஓட நூர்மி ஆவல் கொண்டிருந்தார். ஆனால் ஓடுவதற்குப் பணம் பெற்றார் என்ற குற்றச்சாட்டின்பேரில் சர்வதேச தடகளச் சம்மேளனம் அவரைத் தடை செய்தது. அந்த ஏமாற்றம் அவர் மனத்தில் ஆறாத வடுவாயிற்று. ஒன்பது தங்கமும் மூன்று வெள்ளியுமாகப் பன்னிரண்டு ஒலிம்பிக் பதக்கங்களோடு அவருடைய ஒலிம்பிக் வாழ்வு முடிந்தது.

இருபது ஆண்டுகள் கழிந்தன. 1952-இல் ஹெல்சிங்கியில் ஒலிம்பிக் தொடங்கிய நாளில் மழை பெய்துகொண்டிருந்தது. ஒலிம்பிக் தீபத்தை ஏந்தி அரங்கத்தினுள் ஓடி வந்தவர் 55 வயது நூர்மி! மக்களின் ஆரவாரம் விண்ணை முட்டியது. திடலில் தீபத்தை ஏற்றியவர் அவர். கோபுரத்தின் உச்சியில் ஏற்றியவர், சிறுவயதில் அவருக்கு வழிகாட்டிய அதே கொலெஹ்மாய்னென். நூர்மி 1973-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் காலமானார்.

புனித சின்னப்பர் கிறிஸ்தவ வாழ்வை ஓர் ஓட்டத்திற்கு ஒப்பிட்டதை நாம் அறிவோம். அவ்வோட்டத்தில் நல்ல வானிலை நமக்கு எப்போதும் வாய்ப்பதில்லை. தேர்வும் நோயும் வறுமையும் வெயிலாய் வந்து சுடலாம். நாள்தோறும் பயிற்சி செய்தவர் அப்போது அஞ்சமாட்டார். நூர்மிபோல் முதலில் வரும் வரம் எல்லோருக்கும் கிட்டாது. ஆனால் லீமத்தாய்னென்போல் விழாமல் முயன்று முடிவுக் கோட்டைக் கடக்க நம் எல்லோராலும் இயலும். நம் ஒருவருடைய தளராத கடைசி அடியை நம்பி, நம் வீட்டாரும் வகுப்புத் தோழியரும் காத்திருக்கக்கூடும். ஆகவே ஓடுவோம், ஓடி முடிப்போம்!