எல்லாப்பிரகட சுப்பாராவ்

பழைய சென்னை மாகாணத்தின் கோதாவரிப் பகுதியில் உள்ள பீமவரம் என்னும் ஊரில், 1895ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் எல்லாப்பிரகட சுப்பாராவ் பிறந்தார். குடும்பம் பெரியது, வருவாயோ சிறியது. காசிக்குச் சென்று வாழைப்பழம் விற்றால் பொருள் ஈட்டலாம் என்று எண்ணிய சிறுவன் வீட்டைவிட்டு ஓடினான். தாய் வெங்கம்மா அவனை வழியிலேயே மீட்டு வந்து மீண்டும் பள்ளிக்கு அனுப்பினார். சுப்பாராவ் மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார்.

மாநிலக் கல்லூரியில் பயின்ற காலத்தில் அவர் உள்ளம் துறவை நாடியது. தாய் அதற்கு இசையவில்லை. ஆகவே சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று அறுவை மருத்துவ வகுப்பிலும் கதராடை அணிந்தார். அதனால் ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவரின் சினத்துக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். பட்டத்துக்கு மாறாக அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே அவருக்குக் கிடைத்தது. இதனிடையே சகோதரர் இருவரை ஸ்ப்ரூ என்னும் குடல்நோய் சில நாள் இடைவெளியில் கவர்ந்து சென்றது. மருத்துவம் கற்றும் உடன்பிறந்தோரைக் காக்க இயலாத துயரம் அவரை ஆராய்ச்சியின் பக்கம் திருப்பியது எனலாம்.

சென்னை ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் சிலகாலம் கற்பித்தபின், 1920களின் தொடக்கத்தில் அவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். பகலில் ஹார்வர்டில் பயின்றார். இரவில் மருத்துவமனையில் நோயாளிகளின் மலசலக் கலங்களைக் கழுவும் பணி செய்து வயிறு வளர்த்தார். பின்னர் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க்குடன் இணைந்து பணியாற்றினார். குருதியில் உள்ள பாஸ்பரசின் அளவை நீலநிறத்தின் செறிவைக் கொண்டு கணக்கிடும் முறையை இருவரும் 1925இல் வெளியிட்டனர். அம்முறையைக் கொண்டு தசையை ஆராய்ந்தபோது, பாஸ்போகிரியேட்டின் என்னும் சேர்மமும், 1929இல் ஏ.டி.பி. என்னும் சேர்மமும் வெளிப்பட்டன. இவற்றுள் பின்னதை ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் அதே ஆண்டில் தனியே கண்டறிந்தார். தசை சுருங்குவதற்கு வேண்டிய ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பது குறித்து அதுவரை நிலவிய கருத்து இவற்றால் மாறியது.

ஏ.டி.பி.யின் பணி ஆற்றல் தருவதோடு முடியவில்லை என்பது பிற்காலத்தில் தெரிந்தது. உயிரணுவை வளரத் தூண்டும் செய்தி, ஒரு புரதத்திலிருந்து மற்றொன்றுக்குப் பெரும்பாலும் பாஸ்பேட் வடிவிலேயே கைமாறுகிறது. அந்தப் பாஸ்பேட்டைக் கொடுப்பது ஏ.டி.பி. இச்செய்தி ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருந்தால் உயிரணு கட்டின்றிப் பெருகும். புற்றுநோய் தோன்றும் வழிகளுள் இதுவும் ஒன்று. ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கு இன்று வழங்கும் இமாட்டினிப் என்னும் மருந்து, கோளாறுற்ற புரதத்தில் ஏ.டி.பி. அமரும் இடத்தைத் தானே பற்றிக்கொண்டு அச்செய்தியை நிறுத்துகிறது.

ஹார்வர்டில் நிலையான பதவி கிடைக்காமையால், 1940இல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார். ஈரலிலிருந்து மிகச் சிறிதளவே பிரித்தெடுக்க முடிந்த ஃபோலிக் அமிலத்தை அவருடைய குழுவினர் 1945இல் செயற்கையாக ஆக்கிக் காட்டினர். ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அது நற்பயன் தந்தது. சகோதரர்கள் மறைந்து கால் நூற்றாண்டு கடந்த பின்னர்தான்!

அக்காலத்தில் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தை சில வாரங்களிலோ திங்களிலோ இறப்பது உறுதி. பாஸ்டன் குழந்தை நோயியல் வல்லுநர் சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமிலம் சார்ந்த பொருள்களை அவர்களுக்குக் கொடுத்தபோது நோய் விரைந்து முற்றுவதைக் கண்டார். வளர்ப்பது அதுவெனில், தடுக்க அதன் எதிரி வேண்டும். சுப்பாராவின் குழு ஃபோலிக் அமிலத்தைப் போன்றே தோற்றமளிக்கும் அமினோப்டெரினை ஆக்கி அனுப்பியது. பொய்த்திறவுகோல் பூட்டினுள் சிக்கிக்கொள்வதுபோல், அது நொதியைப் பற்றிக்கொள்ள, உயிரணு புதிய டி.என்.ஏ.வை ஆக்க இயலாமல் நின்றுவிடும். 16 குழந்தைகளுள் 10 பேருக்கு நோய் தணிந்தது என்று ஃபார்பர் 1948 சூனில் அறிவித்தார். அத்தணிவு நிலைக்கவில்லை, நோய் திரும்பியது. எனினும் மருந்தால் இந்நோயைப் பின்வாங்கச் செய்யலாம் என்பது முதன்முறையாக மெய்ப்பட்டது. அவ்வழியில் வந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

இரண்டு திங்கள் கழித்து, 1948 ஆகஸ்டில், சுப்பாராவ் உறக்கத்திலேயே உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 53. தாய்நாட்டுக்கு அவர் ஒருமுறையேனும் திரும்பவில்லை. அமெரிக்கக் குடியுரிமையும் பெறவில்லை. இந்திய அரசு 1995இல் அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. அவர் தலைமையில் லெடர்லியில் உருவான மற்றொரு மருந்து டைஎத்தில்கார்பமசின். யானைக்கால் நோய் ஒழிப்புத் திட்டத்தில் நம் நாட்டுச் சுகாதாரப் பணியாளர்கள் வீடுதோறும் சென்று வழங்கும் டி.இ.சி. மாத்திரை அதுவே.